ரேஷன் கடை இல்லம்மா

“நியாய வணிகம்னா என்னடி, நம்ம ரேஷன் கடை மாதிரியா?” என்று அம்மா போனில் கேட்டார். நியாயவிலைக் கடை வாசலில் மண்ணெண்ணெய் கேனோடு நின்றவருக்கு வேறென்ன தோன்றும்? நான் இருப்பது வட இங்கிலாந்தில் 6,000 பேர் சொச்சம் வாழும் ஒரு சின்ன ஊர். மருத்துவமனையில் நர்ஸ் வேலை. விளைவிக்கிறவர்களுக்கு நியாயமாகப் பணம் போக வேண்டும் என்று சில பொருட்களுக்கு ‘ஃபேர்ட்ரேட்’, அதாவது நியாய வணிகம், என்று ஒரு முத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பொருட்களை ஆதரிக்கிற ஊருக்கு ‘ஃபேர்ட்ரேட் டவுன்’ என்று பட்டம். இந்த ஊருக்கும் அதை வாங்க வேண்டும் என்று கிளம்பிய நாலு பேரில் நானும் ஒருத்தி. நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் போனேன். போனது டீக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் சோறு போட்டது தேயிலைக் கொழுந்துதான். பாட்டி இலங்கையில் கண்டிப் பக்கம் பறித்தவர். 1964ல், தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்ததால் பாட்டி குடும்பம் பின்னாளில் கப்பலேறியது. அம்மா கோத்தகிரிப் பக்கம் தமிழக அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் பறித்தார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், சர்ச் ஹாலில் வெந்நீரில் டீ பேக்கை முக்கும்போதெல்லாம் இது எந்த மலையோ என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

இந்தப் பட்டத்தை முதலில் வாங்கிய ஊர் லங்காஷயரிலுள்ள கார்ஸ்டாங். புரூஸ் குரோதர் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்த, 2000 ஏப்ரலில் ஊர்க்கூட்டம் கூட்டித் தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் இந்த முத்திரையைக் கவனிக்கும் ஃபேர்ட்ரேட் ஃபவுண்டேஷன் அப்புறம்தான் அதற்கு விதிமுறை எழுதியது. டவுன் கவுன்சில் தீர்மானம் போட்டு, தன் கூட்டங்களில் அந்த முத்திரை உள்ள டீ, காபியைத்தான் கொடுக்க வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் கடைகளிலும் காபிக் கடைகளிலும் முத்திரையுள்ள பொருட்கள் கிடைக்க வேண்டும். பள்ளி, தேவாலயம், அலுவலகங்கள் சேர வேண்டும், பத்திரிகையில் செய்தி வர வேண்டும், இதையெல்லாம் கவனிக்க ஒரு குழு இருக்க வேண்டும்.

கடைக் கணக்கு என் தலையில் விழுந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நோட்டோடு ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே இருந்தது! சாக்லேட், வாழைப்பழம், சர்க்கரை என்று யாரும் கவனிக்காமலே விற்றுக்கொண்டிருந்தது. ஒரு கடைக்காரர், தன் கடையில் அப்படி எதுவும் இல்லை என்று சாதித்தார். அவருக்குப் பின்னாலேயே கிளிப்பர் டீ அட்டைப்பெட்டி இருந்தது. 1994ல் பிரிட்டனில் இந்த முத்திரை வந்தபோது முதலில் அதைப் பெற்ற மூன்று பொருட்களில் கிளிப்பர் டீயும் ஒன்று. எடுத்துக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

காபிக் கடைகள்தான் படுத்தின. “விலை கூடும், வாடிக்கையாளர் ஓடிப்போவார்” என்று ஒரே பாட்டு. சரி என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டீ பேக்கில் போடும் சிடிசி என்ற குருணைத் தேயிலைக்கு, விலைக்கு மேல் தரும் ஃபேர்ட்ரேட் பிரீமியம் கிலோவுக்கு 50 அமெரிக்க சென்ட். ஒரு டீ பேக்கில் இரண்டரை கிராம் என்றால் கிலோவுக்கு 400 கோப்பை. ஒரு கோப்பைக்கு ஒரு சென்டில் எட்டில் ஒரு பங்கு. மொத்த வியாபாரி வைக்கும் லாபம் தனி, அதற்கு நான் பொறுப்பில்லை. ஒரு கடைக்காரம்மா அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரமே மாறினார். இன்னொருவர் கடைசி வரை மாறவில்லை.

அதே கணக்கை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னதுதான் தப்பு. “அப்போ பறிக்கிறவளுக்குப் பேருக்கு எவ்வளவு கூடும்?” என்றார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். சம்பளம் நேராக உயராது. அந்தப் பணம் தோட்டத்துத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டியின் கணக்குக்குப் போகும், பள்ளிக்கூடமோ கழிப்பறையோ அவர்கள் தீர்மானிப்பார்கள் என்றேன். அந்த முத்திரையில் விற்கிற அளவுக்கு மட்டும்தான் அதுவும். சான்றிதழ் பெற்ற தோட்டங்களும் தங்கள் தேயிலையில் சிறு பங்கைத்தான் அப்படி விற்க முடிகிறது, மீதி வழக்கமான ஏலத்துக்குப் போகிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பாட்டி கதையை எடுத்தார். நிறுவையில் கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று வெட்டுவார்களாம். “தராசு யார் கையில இருக்குன்னு கேளு” என்றார். குழுக் கூட்டத்தில் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் துண்டறிக்கையில் ‘தொழிலாளர் வறுமை ஒழியும்’ என்ற வரியை எடுத்துவிட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அதில் வருத்தம்தான்.

டவுன் கவுன்சிலில் முதல் முறை தோற்றோம். ஒரு கவுன்சிலர் எழுந்து, “நம் ஊர்ப் பால் விவசாயிக்கே கட்டுப்படியான விலை இல்லை, இவர்கள் எங்கோ இருக்கும் தோட்டத்துக்குக் கொடி பிடிக்கிறார்கள்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சூப்பர்மார்க்கெட்டுகள் பால் விலையை அழுத்துவது இங்கே பழைய புண். கார்ஸ்டாங்காரர்களும் அந்த ஊர் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போய் அந்தக் கவுன்சிலரையே பார்த்தேன். அவருடைய மச்சான் மாடு வைத்திருக்கிறார். சர்ச் ஹாலில் ஒரு சனிக்கிழமை டீக்கடை போட்டோம். டீயும் சர்க்கரையும் எங்களுடையது, பால் அந்த மச்சானுடையது. நான் பாலை நன்றாகக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, தூளைக் கொதிக்கவிட்டு நம்மூர் டீ போட்டேன். இரண்டு முறை பாத்திரம் காலியானது. மச்சான் ஒரு மேசையிலும் நான் ஒரு மேசையிலுமாக, தனக்கு லிட்டருக்கு என்ன கிடைக்கிறது என்று அவரும், கிலோ கணக்கை நானும் சொல்லிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் இரண்டையும் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளை ஒருவன் வாழைப்பழ வேஷத்தில் வந்து நின்றதால் உள்ளூர்ப் பத்திரிகை அவனைத்தான் படம் போட்டது. அதுவும் விதிக்குச் சரிதான், செய்தி வர வேண்டும் அவ்வளவுதானே.

இரண்டாவது முறை தீர்மானம் நிறைவேறியது. முதலில் எழுந்து ஆதரித்தவர் அதே கவுன்சிலர். விண்ணப்பம், கடைப் பட்டியல், பத்திரிகை நறுக்கு எல்லாம் சேர்த்து அனுப்பினோம். நூலகத்தில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து சான்றிதழ் வரை ஒன்றரை வருடம் ஆனது.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் வந்தது பழைய டீதான். கேட்டதற்கு, “பழைய ஸ்டாக் தீரட்டும்” என்றார் எழுத்தர். மறுநாளே இரண்டு பாக்கெட் வாங்கிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இப்போது நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கணக்குப் பேப்பரை வாங்கிய கடைக்காரம்மா கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். புது ஆளை வரும் செவ்வாய்க்கிழமை பார்க்கப் போகிறேன், அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன்.