மருந்தைக் குறைக்கப் பயிற்சி: பட்டியல் தந்தார்கள், வழி சொல்லவில்லை

முதியோருக்குத் தேவையில்லாத மருந்துகளைக் குறைப்பது பற்றிய மருத்துவர் பயிற்சியை ஒருவழியாக முடித்துவிட்டேன். பதிவு, இணைய வகுப்பு, தேர்வு எதிலும் சிக்கலில்லை. எரிச்சல் மூட்டியது பயிலரங்கம்தான். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் அமெரிக்க 'பியர்ஸ்' பட்டியலின் 2023 பதிப்பைத் திரையில் போட்டு வரி வரியாக வாசித்தார்கள். அதை நாங்களே படித்துக்கொள்ள மாட்டோமா? எப்படி நிறுத்துவது என்று கேட்டதற்கு "மெதுவாக" என்றார் பயிற்சியாளர். அவ்வளவுதான்.

உருப்படியான பதில் இடைவேளையில் ஒரு மருந்தாளுநரிடம் கிடைத்தது. பல வருடம் அல்பிரசோலம் போட்டுத் தூங்கியவருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். ரத்த அழுத்த மருந்தான குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை விட்டதும் கொஞ்ச நாள் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், "பாத்தீங்களா, அது இல்லாம முடியல" என்று நோயாளி திரும்பி வந்துவிடுவார்.

அடுத்தது செய்முறை. எனக்கு வந்த மூதாட்டியின் கோப்பில் டிஸ்சார்ஜ் சம்மரியே இல்லை. எந்த மாத்திரையை யார், எதற்காகத் தொடங்கினார் என்று ஒரு வரி கிடையாது. பதிவறையில், "இருக்கறது இவ்வளவுதான் டாக்டர்" என்று கையை விரித்தார்கள். மருந்தைக் குறைக்கலாம் என்றதும் மகன், "வயசாயிடுச்சுன்னு அம்மாவைக் கைகழுவப் பாக்கறீங்களா?" என்றார். அவர் கோபம் நியாயமானதுதான். மருந்தைக் கூட்டிய யாருமே காரணம் சொன்னதில்லையே.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் பையோடு எடுத்துவரச் சொன்னேன். தேதி வாரியாக அடுக்கியதும் கதை புரிந்தது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் அளவு கூடியிருக்கிறது; அதன் பக்கவிளைவாகக் கணுக்கால் வீங்கியிருக்கிறது; வீக்கத்துக்குச் சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடு; அதனால் பொட்டாசியம் இறங்க, அதற்கொரு பொட்டாசியம் சிரப். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எழுதிய மருத்துவரிடமும் பேசிவிட்டு, முதலில் அம்லோடிபினைக் குறைத்தோம். வீக்கம் வடிந்தது. பிறகு ஃப்யூரோசமைடையும் சிரப்பையும் சேர்த்தே நிறுத்தினோம். சிரப்பை மட்டும் விட்டுவைத்தால் பொட்டாசியம் ஏறிவிடும், கவனம்.

இந்தப் பயிற்சிக்குப் போகிறவர்கள், நிறுத்திய காரணத்தையும் எந்த அறிகுறி வந்தால் மறுபடி தொடங்கலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அந்த மகன் சமாதானமானது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

மதிப்பீட்டாளர் விடவில்லை. "பியர்ஸில் தவிர்க்கச் சொல்லாததை ஏன் தொட்டீர்கள்?" என்றார். இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இல்லாத கணுக்கால் வீக்கத்துக்கு ஃப்யூரோசமைடு வகை மருந்து கூடாதென்று 'ஸ்டாப்' (STOPP) என்ற, முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளுக்கான இன்னொரு அளவுகோலில் இருப்பதை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.