கெத்சமனிப் பாறையும் நான்கு நற்செய்திகளும்

எருசலேமில் ஒலிவ மலை அடிவாரத்தில் இருக்கிறது கெத்சமனி ஆலயம். பல நாட்டுக் கத்தோலிக்கர்களின் காணிக்கையில் 1924-ல் கட்டி முடிக்கப்பட்டதால் 'சகல நாடுகளின் ஆலயம்' என்றும் சொல்வார்கள். ஜன்னல்களில் அலபாஸ்டர் என்ற ஊதா நிறக் கல்லைப் பதித்திருப்பதால் பகலிலும் உள்ளே இயேசு பிடிபட்ட அந்த வியாழன் இரவுதான்.

பீடத்துக்கு முன்னால் மேடுபள்ளமான வெறும் பாறை. சுற்றிலும் முள்முடி வடிவில் தாழ்வான இரும்பு வேலி. இயேசு வேதனையோடு ஜெபித்த இடம் இதுதான் என்கிறது மரபு. முழந்தாளிட்டுத் தொட்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

நிமிர்ந்தால் மூன்று பெரிய மொசைக் ஓவியங்கள். நடுவில், வேதனையில் இருக்கும் இயேசுவைத் தேற்ற வரும் வானதூதர். இவர் லூக்கா நற்செய்தியில் மட்டுமே வருகிறார். (பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த வசனங்கள் இல்லை.) ஒரு பக்கம் யூதாசின் முத்தம், அது யோவானில் கிடையாது. மறுபக்கம், "நான்தான்" என்று இயேசு சொன்னதும் பிடிக்க வந்தவர்கள் தரையில் விழுகிறார்கள்; அது யோவானில் மட்டும்தான். நற்செய்தி எழுதிய நால்வரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள், சரி. ஆனால் நால்வரையும் கலந்து ஒரே கதையாக்கினால் பெரிய இழப்பு என்று அங்கேதான் எனக்கு உறுதியாகப் பட்டது.

மாற்குவின் இயேசு திகிலடைகிறார், தரையில் விழுகிறார், துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி தந்தையிடம் கெஞ்சுகிறார். வானத்திலிருந்து ஒரு சொல்கூட இல்லை, நண்பர்களோ தூங்குகிறார்கள். மத்தேயு இதையொட்டியே போனாலும் இரண்டாம் ஜெபத்தில் "உம் திருவுளப்படியே ஆகட்டும்" என்று வருகிறது. சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் இப்போது அவருக்கே தேவைப்படுகிறது! லூக்கா சீடர்கள்மேல் இரக்கப்பட்டு, துயரத்தால் தூங்கிவிட்டார்கள் என்கிறார். யோவானின் தோட்டத்தில் கெஞ்சுதலே இல்லை. தந்தை தந்த கிண்ணத்தைக் குடிக்காமல் இருப்பேனா என்று இயேசு பேதுருவிடம் கேட்கிறார். அவர் உள்ளம் கலங்கியதை யோவான் 12-ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார்.

இறைமகனுக்கு உண்மையில் பயம் இருக்க முடியுமா? ஏழாம் நூற்றாண்டில் கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்ற போதனை பரவியபோது, துறவி மாக்சிமுஸ் இந்த ஜெபத்தை வைத்தே மறுத்தார். சாவுக்கு அஞ்சியது உண்மையான மனிதச் சித்தம், அதில் பாவமில்லை. "உமது விருப்பப்படியே" என்று இணங்கியதும் அதே மனிதச் சித்தம்தான். இதற்காக மாக்சிமுஸின் நாவையும் வலக்கையையும் வெட்டினார்கள். 662-ல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். 681-ல் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கம் கிறிஸ்துவில் இரு சித்தங்கள் உண்டு என்று அறிக்கையிட்டது. இந்தப் போதனை இல்லையென்றால் மாற்குவின் அந்த இரவு வெறும் நடிப்பாகிவிடும். பயத்தோடு அந்தப் பாறைக்கு வருகிறவர்களுக்கு அங்கே துணையும் இருக்காது.

போகிறவர்கள் மாற்கு 14-ஐப் பாறை அருகிலேயே, நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். யோவானை அங்கே வேண்டாம். அப்புறம் வெளியே வந்து, கெதரோன் பள்ளத்தாக்கு தெரியும் பக்கமாக நின்று யோவான் 18-ஐ எடுங்கள். அது அந்தப் பள்ளத்தாக்கைக் கடப்பதில்தான் தொடங்குகிறது.