பாகு 'டங்' என்று ஒலிக்கும்போது

மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில் எங்கள் வீட்டில் தீபாவளிக்குக் கடலை மிட்டாய் செய்யும்போது, பாகு பதத்திற்கு வந்துவிட்டதா என்று பார்க்கச் சின்னம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போடுவார். 'டங்' என்று ஒலித்தால் அடுப்பை அணைத்துவிடுவார். அந்தச் சொட்டு உண்மையில் ஒரு கண்ணாடி. ஆற அமர வரிசையில் சேர நேரம் கிடைத்திருந்தால் கற்கண்டாகியிருக்கக்கூடிய சர்க்கரை மூலக்கூறுகள், சட்டென்று குளிர்ந்ததால், திரவத்தில் கலைந்து கிடந்த நிலையிலேயே உறைந்துவிட்டன.

சன்னல் கண்ணாடியின் கட்டமைப்பும் இப்படித்தான். ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள், ஏறத்தாழ 1.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவில், நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியாக அமைந்திருக்கின்றன. அந்த நான்முகிகள் ஒன்றோடொன்று இணையும் கோணங்கள்தாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இந்தச் சித்திரத்தை 1932-இல் சக்கரியாசென் என்ற அறிவியலாளர் வகுத்தார்.

அணுக்களின் இடங்களில் ஒழுங்கில்லை என்பதால் அவற்றுக்கிடையேயான விசைகளிலும் ஒழுங்கிருக்காது என்றே நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். அது தவறு என்று இப்போது அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குறையற்ற படிகத்தில் ஒவ்வோர் அணுவும் தனக்குரிய தொலைவில் நிற்க முடிகிறது. கண்ணாடியிலோ ஓர் அணு இணை அளவுக்கு மீறி நெருங்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்து இணை விலகி நின்று இழுத்துக்கொண்டிருக்கும். ஆயினும் வெப்ப அதிர்வை ஒதுக்கிப் பார்த்தால் எந்த அணுவும் இடம்பெயர்வதில்லை. ஆகவே ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருந்தே தீரவேண்டும். ஓரணு தாங்கும் அழுத்தத்தை அதன் அண்டை அணுக்கள் ஈடுகட்ட வேண்டும், அவற்றினுடையதை அவற்றின் அண்டை அணுக்கள் ஈடுகட்ட வேண்டும் என்று இந்தக் கட்டாயம் தொடர்ந்து பரவுகிறது. அணுக்களின் இட ஒழுங்கு சில அணு விட்டங்களுக்குள் மறைந்துவிடுகிறது. தகைவுகளுக்கு, அதாவது இப்படி உள்ளே தேங்கியிருக்கும் தள்ளல் இழுப்புகளுக்கு, இடையேயான தொடர்போ தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில்தான் மெல்ல மெல்லக் குறைகிறது, அதுவும் ஒரு திசையில் நேர்க்குறியோடும் மற்றொரு திசையில் எதிர்க்குறியோடும். இத்தனை நுட்பமான ஏற்பாடு ஒரு துண்டுப் பாகுக்குள் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே உள்ளது.

ஜனவரி மாத ஈரக்காற்றில் டப்பாவின் மூடி சற்றுத் திறந்திருந்தால் போதும்; நீர் மூலக்கூறுகள் சர்க்கரையின் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கிடையே புகுந்து, மூலக்கூறுகள் நகர இடங்கொடுத்துவிடுகின்றன; சேர்த்துவைத்த தகைவுகள் தளர்கின்றன; மிட்டாய் பிசுபிசுத்துக் கையில் ஒட்டுகிறது, தட்டில் போட்டாலும் ஒலிப்பதில்லை.