காசிமேட்டு உப்புத் தண்ணீரில் சணல்: இந்த முறை ஓரம் ஊதவில்லை

காசிமேட்டில் தெரிந்த அண்ணன் ஒருவரின் படகோரம் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த சோதனைத் துண்டுகளை மேலே எடுத்தாயிற்று. சணலையும் கண்ணாடி இழையையும் ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) தோய்த்துச் செய்தவை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடந்தவை. ஒட்டியிருந்த கொட்டலசை (படகடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி) சுரண்டிவிட்டு ஓரத்தை நகத்தால் நெருடினேன். இரு பக்கமும் கண்ணாடி இழை, நடுவில் சணல் வைத்த துண்டு கிண்ணென்று இருக்கிறது! தட்டினால் முழுக் கண்ணாடி இழைத் துண்டின் சத்தம்தான்.

வெறும் சணல் துண்டின் கதை வேறு. வெட்டுவாய் ஊதி, இழையை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கோடு. சணல் இழைக்குள்ளேயே நுண்ணிய குழல் இருக்கிறது. வெட்டுவாய் திறந்திருந்தால் தண்ணீர் அதன் வழியே ஏறிவிடும். நனைந்தால் இழை பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். ரெசின் அதோடு சேர்ந்து அசையாது, பிடி விட்டுப்போகும். கண்ணாடி இழை தண்ணீரைக் குடிக்காது என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும்விட என் உயிரை வாங்கியது சணலைக் காயவைப்பதுதான். சாதாரணக் காற்றிலேயே சணல் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ராயபுரத்துக் கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். சாக்குத் துணி என்றால் நூற்கும்போது போட்ட எண்ணெயும் சேர்ந்து வரும், மோந்து பார்த்தாலே தெரியும். சோப்புத் தூளில் அலசி, 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, நுரை போகும்வரை கழுவி, அப்புறம் ஓவன் அடுப்பில் 100 டிகிரி. எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை எடுக்கக் கூடாது. சூடாகவே ரெசின் தடவினால் சீக்கிரம் கட்டிவிடும். அதனால் பாலித்தீன் பைக்குள் கட்டி ஆறவிட வேண்டும். பையைப் பிரித்ததும் ரோலர் கையில் இருக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்தால் காற்றிலிருந்து ஈரம் திரும்ப ஏறியிருக்கும்.

ரெசினும் தாராளமாகக் கலக்குங்கள். சாப் மேட்டுக்கு (நறுக்கிய கண்ணாடி இழைப் பாய்) அதன் எடையைப் போல் இரண்டரை மடங்கு போதும், சணல் அதற்கு மேலும் குடிக்கும். ஊதாமல் தப்பிய துண்டில், வெட்டிய ஓரத்தை உருட்டித் தேய்த்து, வினைல் எஸ்டர் (தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஒருவகை ரெசின்) இரண்டு கோட் பூசி, கண்ணாடி இழை டேப்பை மடித்துப் போர்த்தினேன். வினைல் எஸ்டரில் தண்ணீர் உடைக்கக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் குறைவு. விலை கூடத்தான், ஓரத்துக்கு மட்டும் என்பதால் கட்டுப்படியாகும்.

பாரிமுனையில் ரெசின் வாங்கும்போது டப்பாவில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு கடையில் பாதி கெட்டியான பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள், திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில் பாலியெஸ்டர் ரெசின் அரை வருடம் தாங்கினாலே பெரிது.

இதற்கிடையே தேங்காய் நார் மேல் கண் போய்விட்டது. இழைக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் அதில் சணலைவிட மூன்று மடங்குக்கு மேல். அதனால்தான் அந்தக் காலத்தில் கட்டுமரத்தை நார்க்கயிற்றால் பிணைத்தார்கள், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. இழுவிசையில் சணலை எட்டாது, நடு அடுக்கில் தடிமன் கூட்ட மட்டும் வைத்துப் பார்க்கலாம். சீரான, மெல்லிய நார் மேட் கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சுக்கான் பலகைக்கு ஒரு பக்கம் ஜெல் கோட் (வெளிப்பக்க ரெசின் பூச்சு) இன்னும் பாக்கி. நார் வந்தால் முதலில் அந்த நாரைத்தான் தொடுவேன்.