ஈரத் துணி

பொங்கலுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் வந்து இருடா என்று வீட்டில் கூப்பிட்டபோது, "மண்ணு காஞ்சிடும்மா" என்றேன். "எந்த மண்ணு?" என்றாள் அம்மா. எங்களுக்கு நிலம் கிடையாது.

அப்போது நான் கவின்கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவு, மூன்றாம் ஆண்டு. முதல் வருடமெல்லாம் ஸ்கெட்ச்தான். வாரத்துக்கு நூறு. 10 ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்குள் போய்விடுவோம். ஒருபக்கம் அச்சான வேஸ்ட் தாள், கறுப்பு பால்பாயின்ட் பேனா. மூட்டை மேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள்தான் எங்களுக்குத் தெய்வங்கள். மற்றவர்கள் கை வரைந்து முடிப்பதற்குள் ரயில் ஏறிவிடுவார்கள். கஷ்டம்தான், ஆனால் அந்த நூறை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து ஒப்பேற்றிவிடலாம். பொறியியல் படித்த என் நண்பர்கள் ஒரே ராத்திரியில் மூன்று யூனிட் முடிப்பார்களே, அந்த மாதிரி.

மண்ணில் அந்த வேலை நடக்காது. தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்து, கல் பொறுக்கி எடுத்த களிமண். அதில் வேலை செய்யாத நேரமெல்லாம் ஈரத் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூட வேண்டும். ஒருநாள் மறந்தால் மூக்கில் விரிசல். ஓவியப் பிரிவுக்காரர்கள் எண்ணெய் வண்ணம் காயவில்லையே என்று புலம்புவார்கள். எங்களுக்குக் காய்ந்துவிடுமே என்று பயம். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் போய் எல்லாருடைய தலைக்கும் தண்ணீர் தெளித்துவிட்டு வருவோம்.

அந்த செமஸ்டரில் மார்பளவு உருவம். மாடலாக வந்த பெரியவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிப்போவார். தலை மெல்லச் சாயும். நிமிர்த்தி உட்காரவைக்கச் சங்கடப்பட்டு, நானும் என் மண்தலையைக் கொஞ்சம் சாய்த்தே வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம். சாய்ந்த தலைக்கு உள்கூடு பலமாக இருக்க வேண்டும். நடுக் குழாயிலிருந்து கம்பியில் சின்னச் சின்ன மரக்குச்சிகளைச் சிலுவை மாதிரி கட்டித் தொங்கவிடுவோம்; பட்டர்ஃபிளை என்று பெயர். மண்ணைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஏழெட்டு கட்ட வேண்டிய இடத்தில் நான் மூன்று கட்டியிருந்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

மண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் துணியை விலக்கினால் தாடை நெஞ்சில் கிடக்கிறது. முந்தின நாள் தண்ணீர் வேறு கூடிப்போயிருந்தது. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா கொத்தனார். உடனே போன் வந்தது: "கம்பி யாருடா கட்டினது?"

மெரினாவில் உழைப்பாளர் சிலையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தார்கள். பாறையை நெம்பும் நாலு ஆட்கள். அன்றிலிருந்து அந்த வளைந்த முதுகுகளைப் பார்த்தால், மண்ணில் செய்தபோது உள்ளே எப்படிக் கட்டியிருப்பார் என்றுதான் புத்தி போகிறது.

சரி, மண்ணை உரித்தேன், ஒன்பது பட்டர்ஃபிளை கட்டினேன், இரண்டு ராத்திரி தூங்கவில்லை. நண்பன் ஒருவன் தன் வேலையை விட்டுவிட்டு மண் பிசைந்து கொடுத்தான். டீக்கடைக் கணக்கு அந்த மாதம் எக்கச்சக்கம்.

அச்சுக்கு முதல் பூச்சு பிளாஸ்டரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலப்போம். அதன்மேல் வெள்ளைப் பூச்சு, கெட்டியாக. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். குளிர்ந்த கைக்கு அந்தச் சூடு அவ்வளவு சுகம். பிறகு மண்ணைத் தோண்டி எடுத்து, அச்சுக்குள் சோப்புக் கரைசல் தடவி, மறுபடி பிளாஸ்டர் ஊற்றி, கடைசியில் வெளி அச்சை உளியால் கொத்தி உடைக்க வேண்டும். நீலம் தெரிந்தால் உருவம் பக்கத்தில் வந்துவிட்டது, கை மெதுவாகப் போக வேண்டும் என்று அர்த்தம். விடிகாலை நாலு மணிக்கு எனக்கு நீலமும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். இடது காதின் மேல்நுனி போய்விட்டது. ஒட்டவைக்க நேரமில்லை.

அப்படியே கொண்டுபோய் வைத்தேன். பாஸாகிவிட்டேன்.

அடுத்த வாரம் சம்பளம் வாங்க வந்த பெரியவர் உருவத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். சாய்ந்த தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கித் தன் இடது காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.