சாவியை முதல் ரவுண்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்

குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போகிறவரை வாசலில் மறிப்பது கடைசி முயற்சி. பெரும்பாலும் தோற்கிற முயற்சியும்கூட. மது முதலில் கெடுப்பவற்றில் ஒன்று, தன் நிலையைத் தானே எடைபோடும் திறன். "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்பவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அவரோடு வாதாடிப் பயனில்லை.

அதனால் நண்பர் குழுவோ சங்கமோ விருந்து வைத்தால், உள்ளே வரும்போதே சாவிகளை வாங்கி, பெயர் எழுதிய உறையில் போட்டு, ஒரு சொட்டும் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். யார் ஓட்டுவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள், காருக்கு ஒருவர் என்ற கணக்கில். கிளம்பும் நேரத்தில் "யார் கம்மியா குடிச்சது?" என்று தேடுவதில்தான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. கம்மியாகக் குடித்தவரும் குடித்தவர்தான்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பைக்கில் வந்தவருக்கு வீடு போய்ச் சேர்வதைவிட, வண்டியை விட்டுப் போவதுதான் கவலை. ராத்திரி முழுக்கப் பூட்டி வைக்க ஓர் இடத்தையும், காலையில் வந்து எடுக்கும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிடிவாதம் கரைந்துவிடும்.

காலை என்றால் எத்தனை மணி? உடல் மணிக்குச் சராசரியாக 100 மில்லி ரத்தத்துக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் ஆல்கஹாலைக் கழிக்கும். நள்ளிரவில் 120 மில்லிகிராம் இருந்தால் முழுதாக இறங்க 8 மணி நேரம். காபி தூக்கத்தைக் கலைக்குமே தவிர, இந்தக் கணக்கை மாற்றாது. குளியலும் அப்படித்தான். தூங்கி எழுந்துவிட்டோம், தெளிந்துவிட்டது என்று ஆறு மணிக்குச் சாவி கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஊதிப் பார்க்கும் கருவி வாங்கும் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடைசி மடக்குக்குப் பின் 15 நிமிடமாவது காத்திருக்காவிட்டால் வாயில் தங்கிய மதுவே அளவை ஏற்றிக் காட்டும். மலிவான சென்சார்கள் நாளடைவில் பிசகும். இதைவிட மோசம், குறைந்த எண்ணைப் பார்த்ததும் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது. ரத்தத்தில் அளவு அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் யாரோ குடித்துவிட்டு ஓட்டிய வண்டி மோதி ஒருவரைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகும்போது 'விதி' என்ற சொல்லை வாசலோடு விட்டுவிடுங்கள். 1980இல் கலிஃபோர்னியாவில் மகளை இழந்த கேண்டஸ் லைட்னர் தொடங்கிய 'மேட்' (MADD, குடித்து ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள்) அமைப்பு, இப்படிப்பட்ட மோதல்களை விபத்து என்று சொல்வதையே தவிர்க்கிறது. ஓட்டியவர் குடித்தது தற்செயல் அல்லவே.

ஆறுதலோடு ஓர் ஆளும் வேண்டும். மருத்துவமனை, போலீஸ், காப்பீடு, வக்கீல் என எல்லோரிடமும் பேச ஒரே ஒருவர், கையில் ஒரு கோப்பு: ரசீதுகள், மருத்துவ அறிக்கைகள், யாரிடம் எந்தத் தேதியில் என்ன பேசியது என்ற குறிப்பு. முதல் வேலை, அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்க எழுத்தில் கேட்பது. பல கருவிகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சமரசத் தாள் எதுவானாலும், வக்கீல் பார்க்கும் முன் கையெழுத்து வேண்டாம்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். வாய்தா மேல் வாய்தா போகும்போது கூட வர ஆளிருக்காது. விசாரணைத் தேதிகளைக் குழுவின் காலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இருவர் பெயரை இப்போதே எழுதிவையுங்கள்.