பெடியனைப் பொலிஸ் மறித்தால்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் பள்ளி விட்டு வந்த பெடியனின் பையிலிருந்து ஒரு துண்டு விழும். பொலிஸ் மறித்துச் சோதித்ததற்கான ரசீது. தாய்க்குத் தலை சுற்றும். பெடியனோ, "இது நோர்மல் அம்மா, கூட வாற கறுப்புப் பெடியனை எத்தினை தரம் மறிச்சிட்டாங்கள்" என்று சொல்லிவிட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறப்பான்.

வீடு வாங்கியாச்சு, சிற்றிசன் எடுத்தாச்சு, இனி இதுதான் ஊர் என்கிறோம். ஆனாலும் சீருடையைக் கண்டதும் கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசை நின்றவர்களுக்கும் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் நடுச்சாமத்தில் எழுப்பப்பட்டவர்களுக்கும் அது விளங்கும். கேட்கமுதலே அட்டையை நீட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால் தப்பலாம் என்பது அங்கத்தைய கணக்கு. அதையே பிள்ளைக்கும் பழக்குகிறோம்.

இங்கே நடந்து போகிறவரைச் சோதிக்கும்போது, அவர் பெயர் விலாசம் சொல்லவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. எந்தச் சட்டத்தில், எதைத் தேடி, என்ன சந்தேகத்தில் மறித்தார் என்று சொல்லவேண்டியவர் அதிகாரிதான். 60ஆம் பிரிவு (வன்முறை நடக்கலாமென்று ஓரிடத்தில் கொஞ்ச நேரத்துக்கு யாரையும் சோதிக்கத் தரும் அதிகாரம்) அமலில் உள்ள இடம் போன்ற சில விதிவிலக்குகளில் மட்டும் தனிப்பட்ட சந்தேகம் தேவையில்லை. ரசீதை அப்போது வாங்காவிட்டால் 3 மாதத்துக்குள் கேட்கலாம்.

உண்மையான வில்லங்கம் ஸ்டேசனில். 18 வயதுக்குக் குறைந்தவரை விசாரிக்கப் பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். பெரும்பாலும் தாய் போவார். "பிழை செய்யாதவனுக்கு லோயர் ஏன்?" என்று கேட்டு, கெதியாய் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்தும் போடுவார். ஸ்டேசனில் லோயர் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. பிள்ளை வேண்டாமென்றாலும் கூட இருக்கும் பெரியவர் லோயரைக் கூப்பிடச் சொல்லலாம். அதோடு, லோயரிடம் பிள்ளை தனியாகச் சொன்னது இரகசியம். தாயிடம் சொன்னது சட்டப்படி அப்படியல்ல. "என்னடா நடந்தது, அம்மாட்டச் சொல்லு" என்று அங்கே அழுது கேட்பதுதான் ஆகக் கூடாத வேலை.

கறுப்பினப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. தொழிற்கட்சி அரசியல்வாதி டேவிட் லாமியின் 2017 அறிக்கைப்படி, இங்கிலாந்து வேல்ஸ் இளையோர் சிறைகளில் கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மையினரின் பங்கு 2006இல் 25%, 2016இல் 41%. அவர் காட்டிய காரணங்களில் ஒன்று நம்பிக்கையின்மை: ஸ்டேசன் லோயரையும் அரசாங்கத்தின் ஆளாகவே பார்க்கிறார்கள், குற்றத்தை ஒத்துக்கொள்வதில்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டால் தண்டனையில் மூன்றிலொன்றுவரை குறையும். கோட்டுக்குப் போகாமல் முடியும் வழிகள் பலவற்றுக்கும் ஒத்துக்கொள்ளல் வேண்டும். ஆகவே தொடக்கத்திலிருந்த பாகுபாடு படிப்படியாகப் பெருகுகிறது.

இதைத் தெரியாமல் எங்கள் வீடுகளில் வரும் தீர்ப்பு, "கறுப்புப் பெடியளோட சேராதே". அவமானப்பட்டவர்களே சொல்லும் அவமானம் இது. இங்கிலாந்தில் குற்றப்பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது. ஊரில் அது புலமைப்பரிசில் சோதனைக்கு மாதிரி வினாத்தாள் செய்யும் வயது, விடிய எழுப்பித் தேத்தண்ணி கொடுத்துப் படிக்க இருத்தும் வயது. இங்கே அந்த வயதுப் பிள்ளையை, வெள்ளையோ கறுப்போ தமிழோ, கைது செய்து குற்றம் சுமத்தலாம். கைதென்று போன் வந்தால் மகனின் கூட்டாளியின் தாய்க்கும் உடனே சொல்லுங்கள்: லோயர் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.